மாலை போட்ட படத்துக்கு யார் சிரிப்பது?

எங்கள் சங்கத்தில் செட் பொருட்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். ஒரு படத்தில் அப்பா பாத்திரம் செத்துப் போகிறதாம். அந்த அப்பாவாக யாரும் நடிக்கவில்லை. முகத்தைக் கம்ப்யூட்டரில் செய்திருக்கிறார்கள். அந்த முகத்தைப் படமாக மாட்டி, மாலை போட்டு, ஷாட்டும் எடுத்தாகிவிட்டது.

"அண்ணே, இப்ப யாரு சிரிக்கிறது? கம்ப்யூட்டர்ல அந்த முகத்த செஞ்சவனச் சிரிக்கச் சொல்லட்டுமா?" என்றார்.

சரியான கேள்விதான். எனக்குப் பதில் வரவில்லை. போனில் எனக்கு எப்போதுமே பதில் வராது. நேரிலும் வராது. "அப்ப நம்ம சங்க ஆண்டு மலருக்கு எழுதிக் குடுத்துடுங்கண்ணே" என்றார். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

இந்த மலரைத் தொழிலாளிகளின் வீட்டில் இருப்பவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். சினிமாவில் செத்தவர் சிரிக்க வேண்டும். சாகிற காட்சியோ, படத்துக்கு மாலை போடுகிற காட்சியோ எடுத்தால், முடிந்த கையோடு அந்த நடிகர் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் பொய்ச் சாவு நிஜமாகிவிடும் என்பது எங்கள் பயம். சந்திரனுக்கு ராக்கெட் விடுகிற கதையை எடுத்த கம்பெனியிலும் இதே பயம்தான்.

நான் கருங்குழிக்காரன். ஐந்தாவது வரை படித்தேன். அதற்கு மேல் பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை, நானும் அதைத் தேடவில்லை. சினிமாவில் என் முதல் வேலை, மாமல்லபுரத்துக்குத் தெர்மகோல் பாறை சுமந்தது. நிஜப் பாறைகளுக்கு அருகில் ஷூட்டிங் நடத்த அனுமதி கிடைக்காது. ஆகவே ஊரே பாறையாக இருக்கிற ஊருக்கு, லாரியில் பாறை ஏற்றிக்கொண்டு வந்து கடலோரத்தில் வைத்தோம். சிற்பப் பட்டறைக்காரர் ஒருவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, நான் ஒரு பாறையை ஒற்றைக் கையில் தூக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மற்றபடி தொழில் கற்றுக்கொண்ட வருடங்களில் சொல்ல ஒன்றும் இல்லை. தூக்கச் சொன்னால் தூக்கினேன், வைக்கச் சொன்னால் வைத்தேன்.

எனக்கு மேலே இருந்தவரை எல்லாரும் நைனா என்போம். செட்டில் இருக்கும் பொருள் எல்லாம் அவர் பொறுப்பு. குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு சொம்பை எடுத்தாலும் தூங்குகிற குழந்தையை எடுப்பதுபோல் எடுப்பார். ஆனால் சாவுக் காட்சி என்று தாளில் பார்த்துவிட்டால் போதும், அன்றைக்கு டைரக்டர் அவர்தான்.

அவர் முறை இது. மாலை தனிப் பையில் வேனிலேயே இருக்க வேண்டும். ஷாட்டுக்கு முன்னால் செட்டுக்குள் வரக் கூடாது. சட்டம் போட்ட படத்தைத் துண்டில் சுற்றி, முகம் தரையைப் பார்க்க வைத்திருக்க வேண்டும். யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது. ஆணியில் மாட்டும்போதும் துண்டு மூடியே இருக்கும். அதன் மேலே மாலையைத் தொங்கவிடுவார். டைரக்டர் 'ஆக்‌ஷன்' சொல்லும்போது நைனா பின்னால் நின்று, கயிற்றால் துண்டை மட்டும் உருவுவார். 'கட்' சொன்னதும் முன்னால் வந்து, இரண்டு கையாலும் மாலையைக் கழற்றுவார். செத்தவர் வந்து கேமராவுக்கு எதிரே நின்று சிரிக்க வேண்டும். பல் தெரிய வேண்டும். "போதும்" என்று நைனா சொல்லும்வரை கேமராவை நிறுத்தக் கூடாது. அதற்குப் பிறகுதான் திருஷ்டிப் பூசணிக்காய் உடையும்.

வில்லன் நடிகர் ஒருவர், "நான் சிரிச்சா என் மார்க்கெட் போயிடும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். நைனா பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு காருக்கு முன்னால் நின்றார்.

"மார்க்கெட்டு போனா திரும்பி வரும் அண்ணாத்த. எறங்கு" என்றார்.

இறங்கி வந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து லைட்மேன் ஒருவர் பயந்து பின்னால் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த படத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கன்னியம்மா என்று ஒரு தோழர் உண்டு. படாளம், கருங்குழி சுற்று வட்டாரத்தில் கூலி வேலை செய்தவர்களைச் சங்கமாகச் சேர்த்தவர். சோசலிசம் பேசிப் பலமுறை சிறைக்குப் போனவர். என் மனைவி சரசுவின் அம்மாவோடு ஒரே வயலில் நடவு நட்டவர். சரசுவுக்குப் பெரியம்மா முறை, எனக்கு அத்தை முறை. வயதாகிவிட்ட பிறகு, அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் பேரனோடு அங்கே குடியிருப்பில் இருந்தார்.

அவர் வாழ்க்கையைப் படமாக எடுக்க ஒரு டைரக்டர் வந்தார். நிறையப் படித்தவர். கடலோர ரிசார்ட்டில் ஏ.சி. அறை போட்டு, வறுமையைப் பற்றி மூன்று மாதம் விவாதித்தார். அறைக்கு வந்த மீனில் உப்புக் குறைவு என்பது தவிர அந்த விவாதத்தில் வேறு குறை இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

கதை கேட்க அத்தையிடமும் போனார். அத்தை தன் முதல் சண்டையைச் சொன்னார். அந்தக் காலத்தில் நடவுக்கு இறங்கிய பெண்கள் உச்சி வேளை வரை வரப்பேறக் கூடாது. ஒதுங்கப் போவதென்றாலும் கூடாது. அதற்குப் பயந்து பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். ஒருத்தி சேற்றிலேயே மயங்கி விழுந்தாள். கன்னியம்மா அத்தனை பேரையும் வரப்பில் ஏற்றி, வயலுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தார். நாற்றுக் கட்டு வெயிலில் வாட வாட, மிராசுதார் வழிக்கு வந்தார். "நடுவுல வரப்பேறி ஒதுங்கிட்டு வர நேரம் வேணும்" என்பதுதான் கோரிக்கை. அதுதான் எங்கள் பக்கத்தில் சங்கம் ஜெயித்த முதல் சண்டை.

டைரக்டருக்கு இது பிடிக்கவில்லை. "ஒண்ணுக்குப் போறதுக்கா புரட்சி? ஆடியன்ஸ் சிரிப்பாங்க" என்று அந்தக் காட்சியையே நீக்கிவிட்டார். அதற்குப் பதிலாகத் தோழர் தீப்பந்தம் பிடித்துக் கடற்கரையில் ஓடி வருகிறார், பின்னால் ஜனங்கள் மெதுவாக ஓடி வருகிறார்கள்.

"சார், படாளத்துல கடல் இல்லீங்களே" என்றார் நைனா.

"இனிமே இருக்கும்" என்றார் டைரக்டர்.

இன்னொரு மாற்றமும் செய்தார். முடிவில் தோழர் குண்டடிபட்டுக் கடலோரத்தில் சாகிறார். உயிரோடு பேரன் வீட்டில் இருக்கிறாரே என்று யாரோ கேட்டதற்கு, "உயிரோட இருக்கிறது ஒரு க்ளைமாக்ஸ் ஆகாது" என்றார். இதை அத்தையிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

கடைசி நாள் ஷூட்டிங், அஞ்சலிக் கூட்டம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே மணலில் மேடை போட்டோம். கூட்டத்துக்கு நிஜமான உழைக்கும் பெண்கள் வேண்டும் என்று டைரக்டர் கேட்டதால், நான் உள்ளூர்க்காரன் என்று என்னிடம் சொன்னார்கள். எங்கள் தெருப் பெண்களை வேனில் அழைத்து வந்தேன். சரசுவும் வந்தாள். இவர்களில் ஒருத்திகூட இன்று நடவு நடுகிறவள் இல்லை. ஒருத்தி செருப்புக் கம்பெனி, ஒருத்தி கேன்டீன், ஒருத்தி பள்ளிக்கூட ஆயா. அசிஸ்டென்ட் டைரக்டர் ஒருவர் வந்து கொலுசையும் கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொல்லி, முகத்தில் கொஞ்சம் மண்ணைப் பூசி, அவர்களை உழைக்கும் பெண்களாக ஆக்கினார்.

விடியற்காலையில் ஏறியவர்கள். வெயில் ஏறியதும் பிரச்சினை ஆரம்பித்தது. ஒதுங்க இடம் இல்லை. இரண்டு பக்கமும் ரிசார்ட் மதில். ரிசார்ட் காவலாளி, மண் பூசிய முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டைச் சாத்தினார். பின்னால் சவுக்குத் தோப்பு இருந்தது, ஆனால் தலைக்கு மேலே கூட்டத்தைப் படமெடுக்கும் ட்ரோன் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளேயே கழிப்பறை வைத்த கதாநாயகியின் கேரவன் வண்டி மட்டும் நிழலில் உறுமிக்கொண்டு நின்றது.

சரசுவுக்குச் சர்க்கரை. அவளால் அடக்க முடியாது. என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"யோவ், மேல ஒண்ணு ஈ மாதிரி சுத்திகினு கீது. தோப்புல எப்டிய்யா ஒக்காருறது? உன் டைரக்டராண்ட சொல்லு."

போனேன். டைரக்டர் அருகில் போனதும் அவர் நாற்காலி ஆடுவதுபோல் தெரிந்தது. காலுக்கு அட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன். மறுபடி போனேன். சிவப்புக் கொடி ஒன்று அவிழ்ந்திருந்தது, அதைக் கட்டிவிட்டு வந்தேன். மூன்றாவது முறை போனபோது அவரே, "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

"சொன்னியா?" என்றாள் சரசு.

"கொடி கட்டினேன்."

"இந்தக் கொடிய வச்சிகினு நான் இன்னா பண்றது?"

கடைசியில் தைரியம் வந்து புரொடக்‌ஷன் மேனேஜரிடம் சொன்னேன். அவர் கேரவனைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். "இத்தினி பேரு போனா டாங்க் தாங்காதுய்யா. கொஞ்ச நேரம் பொறுத்துக்கச் சொல்லு. புரட்சிக் கூட்டம்தானே, தாங்குவாங்க" என்றார்.

ஷாட் தயார் என்றார்கள். மேடையில் துண்டு மூடிய படம். மேலே மாலை. பின்னால் நைனா. ஆக்‌ஷன் என்றதும் துண்டு உருவப்பட்டது.

படத்தில் இருந்தது கதாநாயகி இல்லை. அத்தை!

நடந்தது இதுதான். கதாநாயகிக்குக் கிழவி வேடம் போட்டு எடுத்த போட்டோவில், அவர் மைதா மூட்டையில் விழுந்த பூனை மாதிரி இருந்திருக்கிறார். டைரக்டர் நிஜமான அத்தை படத்தையே செங்கல்பட்டில் சட்டம் போடச் சொல்லி, துண்டில் சுற்றியே எங்களிடம் அனுப்பிவிட்டார். நாங்கள் எங்கள் முறைப்படி பிரித்தே பார்க்கவில்லை. கெட்டது நடக்கக் கூடாது என்று வைத்திருந்த முறைதான் எங்களை ஏமாற்றியது.

கூட்டத்தில் சரசுதான் முதலில் அலறினாள். "ஐயோ பெரிம்மா! போன வாரம்தானே வந்து பேசிட்டுப் போச்சி! எப்படி ஆச்சி? யாருமே சொல்லலியே!" அத்தனை பெண்களும் மார்பில் அடித்துக்கொண்டு மேடையை நோக்கி ஓடினார்கள். டைரக்டர் கண்ணில் தண்ணீர். "பார்த்தியா, நிஜமான எமோஷன்! கட் பண்ணாத, கட் பண்ணாத!" என்று கேமராமேன் தோளை அமுக்கினார்.

கட் ஆனதும் கதாநாயகி வழக்கப்படி வந்து கேமராவைப் பார்த்து அழகாகச் சிரித்தார். மாலையைக் கழற்ற முன்னால் வந்த நைனா படத்தைப் பார்த்தார். கதாநாயகியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு படத்துக்கு மாலை போட்டமோ அவங்க வந்து சிரிக்கணும்" என்றார். "அதுவரைக்கும் ஒரு சாமானும் இங்கேந்து நகராது."

டைரக்டர் இதெல்லாம் மூடநம்பிக்கை என்றார். நைனா மேடையை விட்டு இறங்கவில்லை. புரொடக்‌ஷன் மேனேஜர் தயாரிப்பாளருக்குப் போன் போட்டார். போனிலிருந்து வந்த சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. போனை வைத்ததும் டைரக்டரே, "அந்தம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார். அடுத்த ஷாட்டில் எதுவும் மாறித் தெரியக் கூடாது, கன்டினியூட்டி, அதனால் பெண்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

காரில் என்னை அனுப்பினார்கள். குடியிருப்பு பக்கம்தான். அத்தை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "சிரிக்கணுமாம், வாங்கத்தே" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. கீரையை மூடி வைத்துவிட்டு ஏறினார்.

பாதி வழியில், "சரசு வந்துகீறாளா மாப்ள? சர்க்கரை எப்டி கீது அவளுக்கு?" என்றார்.

அன்றைக்கு என் வாயிலிருந்து முழுதாக வந்த ஒரே பேச்சு இதுதான். "காலைலேந்து பொம்பளைங்களுக்கு ஒதுங்க எடம் இல்லத்தே. சரசு அடக்கிகினு நிக்கிறா."

அத்தை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "இன்னா மாப்ள, இன்னும் அந்த வரப்பத் தாண்டலியா நாம?" என்றார்.

கார் நின்றதும் பெண்கள் ஓடி வந்து அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். டைரக்டர் காலில் விழப் போனார். அத்தை விலகிக்கொண்டு மேடையைப் பார்த்தார்.

"நான் எப்ப செத்தேன்?"

"தோழர், அது வந்து... சிம்பாலிக்."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லி இருந்தா நானும் வந்து அழுதிருப்பேனே."

நைனா கை கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். "தாயீ, ஒரே ஒரு தபா கேமராவப் பாத்துச் சிரிச்சிடுங்க. தோஷம் போயிடும்."

"எனக்குச் சாமியும் இல்ல, சகுனமும் இல்லப்பா. பயம் உனுக்கு. உன் பயத்துக்கு நான் சிரிக்கணும். அப்ப இது ஒரு வேல. வேலன்னா கூலி உண்டு."

புரொடக்‌ஷன் மேனேஜர் பையில் கையை விட்டார்.

"டப்பு வேணாம். அந்த வண்டியத் தொற" என்று கேரவனைக் காட்டினார் அத்தை. "பொம்பளைங்க போயிட்டு வரட்டும்."

"அம்மா, அது ஹீரோயின் மேடம் வண்டி. டாங்க் ரொம்பிடும்."

"ரொம்பினா காலி பண்ணு."

"ஒரு பத்துப் பேர் போகட்டும்மா."

"எல்லாரும்."

"சரி, நீங்க மொதல்ல சிரிச்சிடுங்க. அப்பால தொறந்துடறோம்."

அத்தை மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "மிராசுதாரும் இதேதான்யா சொன்னாரு. மொதல்ல நட்டுட்டு வாங்க, அப்பால பேசிக்கலாம்னாரு."

பெண்களும் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். கேமராவுக்கு முதுகைக் காட்டி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெண்கள் கையை உயர்த்திக் கோஷம் போடுவதற்கு அசிஸ்டென்ட் டைரக்டர் ஒரு வாரமாக ஒத்திகை யோசித்து வைத்திருந்தார். அது வீணாகப் போயிற்று.

டைரக்டர் குனிந்து, "தோழர், இது உங்க வாழ்க்கைப் படம்" என்றார்.

"என் வாழ்க்கைல மொத சண்ட இதுதான். உன் படத்துல அது எங்க?"

"ஆடியன்ஸ் சிரிப்பாங்கன்னு தூக்கிட்டோம்."

"இப்ப சிரிக்கத்தானே என்னைக் கூப்ட்டே?"

சத்தம் கேட்டுக் கேரவன் கதவு திறந்தது. கதாநாயகிக்குத் தமிழ் தெரியாது. யாரோ அவர் மொழியில் சொன்னதைக் கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மேனேஜர் டாங்கைப் பற்றி என்னமோ முனகினார். கேரவன் வாசலில் பெண்கள் வரிசை கட்டிவிட்டார்கள்.

போய் வந்தவர்கள் சும்மா வரவில்லை. "உள்ள ஊட்டி மாதிரி கீதுடி." "கண்ணாடிய சுத்தி பல்பு வச்சிருக்காங்க, என் மூஞ்சி எனக்கே அடையாளம் தெரியல." "கொஞ்சம் படுத்துட்டு வந்துருப்பேன், நீங்கதான் கதவத் தட்டிகினே கீறீங்க."

அத்தையை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கேமரா ஓடியது. அவர் முகம் கல்லாக இருந்தது. "கடைசி ஆளு வரட்டும்" என்றார். நைனா பூசணிக்காயோடு தவித்துக்கொண்டு நின்றார்.

கடைசி ஆள் சரசு. எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டு நின்றிருந்தாள். நான் அவளைப் பார்க்க முடியாமல் மேடைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனவள் வெகு நேரம் கழித்து, முகத்தில் இருந்த மண்ணைக் கழுவிக்கொண்டு, மகாராணி மாதிரி படியில் இறங்கி வந்தாள். ஊரே கேட்கும்படி என்னைக் கூப்பிட்டாள்.

"யோவ்! முப்பது வருசமா சினிமால கீறியே, இன்னிக்கித்தான்யா எனுக்கு ஒரு சீனு குடுத்துகீறே!"

அத்தை வெடித்துச் சிரித்துவிட்டார். இருந்த பற்களும் தெரிந்தன, விழுந்த பற்களின் இடமும் தெரிந்தது. நாற்காலி ஆடியது.

"போதும்" என்றார் நைனா. பூசணிக்காய் உடைந்தது.

அந்தச் சிரிப்பைத்தான் டைரக்டர் படத்தின் கடைசி ஷாட்டாக வைத்தார். குண்டடிபட்டுச் செத்த தோழர், கடலுக்கு முன்னால் சிரிக்கிறார். பின்னால் புல்லாங்குழல். இந்த ஒரு ஷாட்டுக்காகச் சரியான வெளிச்சம் வேண்டிப் பல மாதம் காத்திருந்ததாக டைரக்டர் பேட்டியில் சொன்னார். சாவை வென்ற சிரிப்பு என்று எழுதினார்கள். நாங்கள் கேரவன் டாங்கை வென்ற சிரிப்பு என்று சொல்லிக்கொள்வோம்.

கேள்வி கேட்ட தம்பிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நைனா இரண்டு வருடம் முன்னால் காலமானார். மாலை போட்ட படத்தில் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். உடம்பு நன்றாக இருக்கும்போதே ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்து வைத்துக்கொண்ட படமாம். அதனால் அந்தக் கம்ப்யூட்டர் முகத்தையும் சிரித்தபடி மாற்றிச் செய்துவிடச் சொல்லுங்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தோழர் படம் வந்ததும் செங்கல்பட்டு தியேட்டரில் போய்ப் பார்த்தோம். அத்தை, சரசு, தெருப் பெண்கள், எல்லாரும் ஒரே வரிசை. தோழர் குண்டடிபட்டு விழுந்தபோது தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. கடைசிச் சிரிப்பு திரையில் வந்ததும் எங்கள் வரிசை மட்டும் விழுந்து விழுந்து சிரித்தது. முன் சீட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் கோபமாகத் திரும்பினார்.

"ஒரு தியாகி செத்துகீறாங்க, இன்னா சிரிப்பு உங்களுக்கு?"

"அது என்னப் பாத்துதான் தம்பி சிரிக்குது" என்றாள் சரசு.

பதில் சொல்ல வாயெடுத்த இளைஞர், சரசுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தியாகியைப் பார்த்துவிட்டு, திரையையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

அத்தை அவர் தோளைத் தட்டினார். "நல்லாத்தான் செத்துகீறேன், இல்ல?" என்றார். பிறகு சரசுவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏந்திருடி. லைட்டு போடறதுக்குள்ள ஒதுங்கிட்டு வந்துடலாம். அப்பால கூட்டம் சேர்ந்துடும்."